கையால் தைத்த உடைகளோடு ஒரு மாதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையின் தண்டையார்பேட்டையில் என் வீட்டு முன்னறையில் பெண்களுக்குத் தையல் சொல்லித் தருகிறேன். தாம் தைத்த உடைகளையே ஒரு மாதம் நாள்தோறும் உடுத்தி, அவற்றைப் படமெடுத்தோ குறித்துவைத்தோ வரும் வழக்கம் எங்களுக்குள் சில ஆண்டுகளாக இருந்துவருகிறது. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைக் கேட்பதால், அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை எழுதி, என் பதில்களையும் சேர்த்துத் தொகுத்திருக்கிறேன்.

அக்கா, இது என்ன பழக்கம்? யார் ஆரம்பிச்சது?

2010ஆம் ஆண்டு இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோயி எட்வர்ட்ஸ் என்ற பெண்மணி 'மீ மேட் மே' என்ற பெயரில் இதைத் தொடங்கினார். கையால் செய்த உடைகளை அலமாரியில் அடுக்கிவைக்காமல், மே மாதம் முழுவதும் அன்றாட வாழ்க்கையில் உடுத்திப் பார்ப்பதுதான் இதன் அடிப்படை. பிறகு பல நாடுகளில் தைப்பவர்களும் கம்பளி பின்னுபவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எல்லோருக்கும் பொதுவான விதி கிடையாது. தமக்கு எது சற்றுக் கடினமோ அதை ஒவ்வொருவரும் உறுதிமொழியாக எழுதிக்கொள்வார்கள். தினமும் படமெடுக்க வேண்டிய கட்டாயமில்லை என்பதையும், இதற்காக அவசர அவசரமாகப் புதிய உடைகளைத் தைத்துக் குவிக்கக் கூடாது என்பதையும் தொடங்கியவரே வலியுறுத்தி வந்திருக்கிறார்.

எங்கள் பெண்கள் எழுதும் உறுதிமொழி பெரும்பாலும் இப்படி இருக்கும்: "வாரத்தில் ஐந்து நாளாவது நான் தைத்த ஓர் உடையையேனும் உடுத்துவேன். தைத்துவிட்டு ஒருமுறைகூடப் போடாதவற்றில் மூன்றையாவது இந்த மாதத்துக்குள் போட்டுவிடுவேன்." இரண்டாவது வரிதான் முக்கியமானது. எந்த உடை நம் வாழ்க்கைக்குப் பொருந்தியிருக்கிறது, எது கண்ணுக்கு மட்டும் அழகாக வந்திருக்கிறது என்பதை உடுத்திப் பார்க்காமல் எந்த ஆசிரியராலும் சொல்ல முடியாது.

என்கிட்ட அஞ்சாறு டிரஸ்தான் இருக்கு. இதை வெச்சு ஆரம்பிக்க முடியுமா?

தாராளமாக முடியும். நான்கு மேல்சட்டைகளும் மூன்று கால்சட்டைகளும் ஒன்றோடொன்று சேருமானால் பன்னிரண்டு விதமாக உடுத்தலாம். இரண்டு துப்பட்டாக்கள் இருந்தால் அதுவே இருபத்து நான்காகிவிடும். "சேருமானால்" என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. அதை நிறங்களைப் பற்றிய கேள்வியில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒரே டிரஸ்ஸைத் திரும்பத் திரும்பப் போட்டா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?

நல்ல தையல் என்று நினைப்பார்கள். திரும்பத் திரும்ப உடுத்தப்படும் உடைதான் நீங்கள் தைத்தவற்றில் மிகச் சிறந்தது. அளவு, துணி, நிறம், பை வைத்த இடம் என்று எல்லாமே அதில் கூடி வந்திருக்கிறது. அது எந்த உடை என்று கண்டுபிடிக்கத்தான் இந்த மாதமே. ஆகையால் அதை மறைக்காமல், எத்தனை முறை போட்டீர்கள் என்பதையும் சேர்த்துக் குறித்துவையுங்கள்.

மே மாசமேதான் பண்ணணுமா? கத்திரி வெயில்ல புடவை கட்டவே முடியல.

மே என்பது இங்கிலாந்துக்குப் பொருத்தமான மாதம்; அங்கே அப்போது இளவேனில். நமக்கோ மே 4ஆம் தேதியை ஒட்டி அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிடுகிறது. 2003ஆம் ஆண்டு மே 31 அன்று 45 டிகிரி செல்சியஸ் கண்ட ஊர் இது. அதோடு காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடல் ஈரமும் சேர்ந்துகொள்வதால், வெயில் சற்றுக் குறைந்த நாளிலும் வியர்வை அடங்குவதில்லை.

நான் பரிந்துரைப்பது தை மாதம். பொங்கல் புத்தாடையோடு தொடங்கலாம், கல்யாண வீடுகளுக்குப் போக வேண்டியிருக்கும், மழை ஓய்ந்திருக்கும், துவைத்த துணி அன்றே காயும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் தொடங்கினால், அடைமழையில் கொடியில் தொங்கும் ஈரத்துணியே பாதி மாதத்தைத் தின்றுவிடும். மே மாதத்தில்தான் செய்வேன் என்பவர்கள் மல்மல், வாயில் (voile) போன்ற மெல்லிய துணிகள், மெல்லிய கைத்தறிப் பருத்தி ஆகியவற்றில் தைத்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் லைனிங் கொடுத்த உடைகளை அந்த மாதத்தில் தொட வேண்டாம்.

எதெல்லாம் கணக்கு? எங்க வீட்டுக்காரருக்குக் கைலி மூட்டினேன், அது சேருமா?

உங்கள் கணவர் இந்த மாதத்தில் பங்கெடுத்தால் அவர் கணக்கில் பாதியாகச் சேரும். மூட்டியது நீங்கள் என்பதால் மீதி உங்களுடையது. உள்பாவாடை, நைட்டி, ரவிக்கை, துணிப்பை, பழைய சட்டையைப் பிரித்துத் தைத்த குழந்தை உடை, குரோஷா போட்ட துப்பட்டா ஓரம் எல்லாமே கணக்குதான். புடவை கடையில் வாங்கியதாக இருந்தாலும் ரவிக்கை நீங்கள் தைத்ததென்றால் அந்த நாள் உங்களுடையது. தையற்காரரிடம் கொடுத்துத் தைத்து வாங்கியதை மட்டும் நான் சேர்ப்பதில்லை. அதை நீங்களே பிரித்துப் பிடித்துச் சரிசெய்திருந்தால் சேர்த்துக்கொள்ளலாம்.

நான் கம்பெனி யூனிபார்ம்ல போறேன். எனக்கு எப்படி முடியும்?

வேலைக்குப் போகும்போது நீங்கள் தைத்த பை, கைக்குட்டை, உள்பாவாடை ஆகியவற்றோடு போங்கள். மாலையில் வீடு திரும்பியதும் மாற்றும் உடையை உங்கள் கையால் தைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சீருடைக்காரர்கள் நாள்தோறும் நீண்ட நேரம் உடுத்துவது நைட்டியும் வீட்டுச் சட்டையும்தான். ஆனாலும் தைக்க உட்காரும்போது எல்லோரும் விசேஷத்துக்கான உடையையே தைக்கிறார்கள். இந்த மாதம் முடிந்ததும் நல்ல பருத்தியில், பை வைத்த ஒரு நைட்டி தைத்துப் பாருங்கள்; ஆண்டு முழுவதும் உழைக்கும்.

எல்லாம் கலர் கலரா ஆசைப்பட்டு வாங்கித் தைச்சுட்டேன். ஒண்ணோட ஒண்ணு சேரவே மாட்டேங்குது.

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். முதலில் நீங்கள் தைத்த எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் கட்டில்மேல் பரப்பிவையுங்கள். பெரும்பாலான வீடுகளில் ஒரே காட்சிதான் தெரியும்: பூப்போட்டது, கட்டம் போட்டது, கலம்காரி, இக்கத் என்று மேல்சட்டைகள் நிறைந்திருக்கும், அவற்றோடு போட ஒற்றை நிறக் கால்சட்டையோ பாவாடையோ இருக்காது. கடைக்குப் போனால் கண் அச்சுத்துணிமேல்தான் போகும், வெறும் துணியை யாரும் ஆசைப்பட்டு வாங்குவதில்லை. ஆகவே உங்களுக்குத் தேவைப்படுவது புதிதாக ஒரு பூத்துணி அல்ல, இரண்டு ஒற்றை நிறக் கால்சட்டைகள்தான்.

என்ன நிறம் என்பதை அச்சிலிருந்தே எடுங்கள். மாம்பழ மஞ்சள் துணியில் அரக்கு நிறப் பெரிய பூவும், நடுவில் சின்னச் சின்னக் கிளிப்பச்சை இலையும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் அரக்குக்குப் போவார்கள்; நீங்கள் அந்த இலையின் பச்சைக்குப் போங்கள். மிகக் குறைவாக இருக்கும் நிறத்தைக் கீழே கொண்டுவந்தால் மேலே இருக்கும் பூக்கள் எடுப்பாகத் தெரியும். வெட்டும்போது விழும் துணித் துண்டு ஒன்றைப் பணப்பையில் வைத்துக்கொண்டே மேட்சிங் சென்டருக்குப் போங்கள். கடைக்குள் இருக்கும் விளக்கு வெளிச்சத்தை நம்பாமல் வாசல்வரை கொண்டுவந்து ஒட்டிப் பாருங்கள்.

அடர்நிறத்தோடு அடர்நிறம் சேராது என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். காஞ்சிபுரம் பட்டின் உடலையும் கரையையும் பார்த்து வளர்ந்த நாம் அதை நம்பக் கூடாது. அரக்குக்குப் பச்சை, மயில்கழுத்துக்கு மெஜந்தா, எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரால் வழங்கும் எம்.எஸ். புளூவுக்கு மஞ்சள் என்று நம் புடவைகள் இணைத்துக் காட்டாத நிறமே கிடையாது. அவை அழகாக இருப்பதற்குக் காரணம் அளவு: உடல் அகலம், கரை ஒடுக்கம். இரண்டு அடர்நிறங்களைச் சரிபாதியாக உடுத்தினால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் தவிக்கும். ஒன்று முக்கால் பங்கும் மற்றது கால் பங்குமாக இருந்தால் இரண்டுமே நிற்கும். பூவோடு கட்டத்தைச் சேர்க்க விரும்பினால், ஒன்று பெரிதாகவும் மற்றது பொடியாகவும் இருக்கட்டும். இரண்டிலும் பொதுவாக ஒரு நிறமாவது இருக்கட்டும்.

துணி எங்க வாங்குறது நல்லது? எவ்வளவு எடுக்கணும்?

துணிக்கு நாம் வெளியே போக வேண்டியதே இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம் திருவொற்றியூரை ஒட்டிய காலாடிப்பேட்டை. பெரம்பூரில் பி அண்ட் சி (பக்கிங்காம் அண்ட் கர்நாடிக்) மில் 1996இல் மூடப்படும்வரை அதன் காக்கித் துணி ஊரெங்கும் தெரிந்த துணி. இன்றைக்கும் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் சில்லறையாகவும், பாரிமுனைக்குப் பக்கத்தில் கொடவுன் தெருவில் மொத்தமாகவும் எடுக்கலாம். லேஸ், பொத்தான், பைப்பிங் வகைகளுக்குச் சவுகார்பேட்டை போதும். கைத்தறி வேண்டுமென்றால், 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது.

விலையைக் கேட்பதற்கு முன்னால் அகலத்தைக் கேளுங்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும், முக்கால் கை வைத்த குர்திக்கு 44 அங்குல அகலத்தில் இரண்டேகால் முதல் இரண்டரை மீட்டர் போதும். 36 அங்குலமென்றால் கைகளுக்குத் தனியாக நீளம் வேண்டியிருக்கும். பருத்திதானா என்று சந்தேகம் வந்தால் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி முனையில் கெட்டியான மணியாகும். பருத்தி முதல் நனைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்குவரை சுருங்கக்கூடும். 42 அங்குல நீளத்தில் இரண்டு அங்குலம் காணாமல் போகும் கணக்கு இது. அதனால் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே கத்தரி வையுங்கள்.

உப்புத் தண்ணியில ராத்திரி பூரா ஊறவெச்சேன். அப்பவும் சாயம் போகுது, ஏன்?

சாயம் ஏற்றும்போது சாயத்தை நூலுக்குள் தள்ள உப்பு உதவுகிறது. சாயம் ஏறி முடிந்த துணியை உப்பில் ஊறவைத்தால் அதைக் கட்டிவைக்கும் வலிமை அந்த உப்புக்கு இல்லை. நூலோடு வேதிமுறையில் பிணைந்துகொள்ளும் ரியாக்டிவ் சாயம் போட்ட துணியில், முதல் சில துவைப்புகளில் மேலே ஒட்டியிருக்கும் மிச்சச் சாயம் மட்டும் போய் நின்றுவிடும். சில சாயங்கள் எப்போதுமே கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ஒரு காலத்தில் மெட்ராஸ் கட்டத்துணியும் அப்படித்தான். 1960களில் அமெரிக்காவில் அந்தக் கசிவையே அதன் பெருமையாகச் சொல்லி விற்றார்கள்.

செய்ய வேண்டியது இதுதான்: ஈரமான வெள்ளைத் துணியால் உள்தையல் பக்கமாக அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால், தண்ணீர் தெளியும்வரை குளிர்ந்த நீரில் தனியாகவே அலசுங்கள், ஊறவைக்க வேண்டாம். ஈரத்தோடு சுருட்டிப் போட்டுவைப்பதுதான் ஒரு நிறம் இன்னொன்றில் இறங்குவதற்கு முக்கியக் காரணம். நம் பகுதியில் இன்னொரு தொல்லையும் உண்டு. பல தெருக்களில் போர் தண்ணீர் கடினமாக இருப்பதால் சோப்பு நுரைக்காமல் வெள்ளைப் படிவாக நூலில் ஒட்டிக்கொள்கிறது. சாயம் போனது என்று பலர் வருந்துவது உண்மையில் இந்தப் படிவைப் பார்த்துத்தான். கடைசி அலசலையாவது மெட்ரோ தண்ணீரில் வையுங்கள். உடையை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, நிழலில் உலர்த்துங்கள். எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்கள் மாடியில் காயப்போட்டால், காற்றில் வரும் சாம்பல் படிவதற்குள் எடுத்துவிடுவது நல்லது.

தினமும் போட்டோ எடுக்க வெட்கமா இருக்கு. ஸ்டேட்டஸ்ல போட்டே ஆகணுமா?

முதல் பதிலில் சொன்னபடி படம் கட்டாயமில்லை. ஒரு நோட்டில் தேதி, உடை, எங்கே போனீர்கள், எங்கே உறுத்தியது என்று நான்கு விஷயங்களை எழுதினால் போதும். காட்ட வேண்டும் என்ற ஆசை இருந்தால் முகமில்லாமல் கழுத்துக்குக் கீழே எடுக்கலாம், அல்லது உடையைக் கொக்கியில் மாட்டியே எடுக்கலாம். மாடியில் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை நாலரைக்குப் பிறகும் நிறம் உண்மையாக விழும். வீட்டுக்குள் மஞ்சள் விளக்கில் எடுத்தால் நீலம் சாம்பலாகிவிடும். உச்சிவெயிலில் எடுத்தால் தையல் வரி தெரியாது. வாரத்துக்கு ஒருமுறை கழுத்து, கைமுனை, மடிப்புத் தையல் இவற்றில் ஒன்றைக் கிட்டத்தில் எடுத்துப் போடுங்கள். தைக்கத் தெரிந்தவர்கள் விரும்பிப் பார்ப்பது அந்தப் படத்தைத்தான்.

வீட்ல "தினம் ஒரு வேஷமா"ன்னு கேட்கிறாங்க. என்ன சொல்றது?

உங்கள் மாமியாருக்கு ஒரு ரவிக்கையோ, கொழுந்தனார் மகளுக்கு ஒரு பாவாடை சட்டையோ தைத்துக் கொடுத்து, மாதத்தில் ஒரு நாள் அவர்களையும் உடுத்தச் சொல்லுங்கள். கேலி பெரும்பாலும் அந்த நாளோடு நின்றுவிடும்.

பாட்டியோட சுங்குடிப் புடவை இருக்கு. வெட்டித் தைக்க மனசு வரல, வெச்சிருந்தாலும் கிழியுது.

முதலில் புடவையைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். இழை தேய்ந்த இடங்கள் சல்லடையாகத் தெரியும். அவை பெரும்பாலும் கொசுவம் வரும் பகுதியும் கீழ்க்கரையுமாக இருக்கும். முந்தானையும் அதை அடுத்த ஒன்றரை மீட்டரும் பலமாகவே இருக்கும். கையால் முடிச்சிட்ட பழைய மதுரைச் சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் நூலால் தனித்தனியாகக் கட்டி, சாயத்தில் முக்கி எடுத்தது. கிட்டத்தில் பார்த்தால் எந்தப் புள்ளியும் இன்னொன்றைப் போல் இருக்காது, சிலவற்றின் நடுவில் சாயம் கசிந்த பொட்டு ஒன்று இருக்கும். அப்படிப்பட்ட புடவை பலமாக இருந்தால் வெட்டாதீர்கள். அதற்கேற்ற ரவிக்கை தைத்து, புடவையாகவே கட்டுங்கள்.

தேய்ந்துவிட்டதென்றால் தயங்க வேண்டாம். ஐந்தரை மீட்டரில் தேய்ந்ததைக் கழித்தாலும் ஒரு குர்தியும் ஒரு துப்பட்டாவும் வரும். குர்தியின் உள்ளே மல்மல் லைனிங் கொடுங்கள். இழுபடும் பாரத்தை அது தாங்கிக்கொள்ளும். பெட்டியில் மடிப்போடு கிழிவதைவிட, பேத்தியின் உடம்பில் இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் இருப்பது அந்தப் புடவைக்கு மரியாதை.

நல்லாத்தான் தைச்சேன், ஆனா எல்லாமே கக்கத்துல கிழியுது. கைக்குழியை இன்னும் இறக்கி வெட்டவா?

இறக்காதீர்கள், கிழிவதற்குக் காரணமே அதுதான். பேருந்தில் மேல்கம்பியைப் பிடிப்பதுபோல் கையை உயர்த்திப் பாருங்கள். சட்டை முழுவதும் கையோடு மேலே ஏறினால், கைக்குழி தாழ்வாக இருக்கிறது என்று பொருள். கை நகரும்போதெல்லாம் பக்கத் தையலை அது இழுக்கிறது, வியர்வையின் உப்பும் ஈரமும் அந்த இடத்து இழையை ஏற்கெனவே நலிவாக்கியிருப்பதால் அங்கேயே விட்டுவிடுகிறது. கைக்குழி உடம்புக்கு நெருக்கமாக, சற்று உயரமாக இருந்து, கையின் மேற்பகுதியில் தளர்ச்சி கொடுத்தால் கை தனியாக உயரும், சட்டை தன் இடத்தில் நிற்கும்.

ஏற்கெனவே தைத்ததைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. கக்கத்தில் நான்கு தையல்களும் சந்திக்கும் புள்ளியிலிருந்து, பக்கத் தையலிலும் கைத் தையலிலும் கைக்குழித் தையலின் இருபுறமும் இரண்டிரண்டு அங்குலம் பிரியுங்கள். அதே துணியில் மூன்று அங்குலச் சதுரம் ஒன்றைக் கிராஸாக (இழைக்குச் சாய்வாக) வெட்டி, சாய்சதுரமாகத் திருப்பி அந்த இடைவெளியில் பொருத்துங்கள். மூலைகளில் ஊசியைத் துணியிலேயே குத்தி நிறுத்தி, துணியை அழுத்தும் தையல் இயந்திரப் பாதத்தைத் தூக்கித் திருப்பினால் சுருக்கம் விழாது. பிசிறை மடித்து இரண்டாவது தையல் போடுங்கள். மிச்சத் துணி இல்லையென்றால் வேறு நிறத்தில் வைக்கலாம். பச்சைக் குர்தியின் கக்கத்தில் ஆரஞ்சுத் துண்டு தெரிவதை நான் அழகென்றே சொல்வேன். இனித் தைப்பவற்றில் பக்கத் தையலுக்கு உள்ளே ஓர் அங்குலம் விட்டுவையுங்கள்.

மாசம் முடிஞ்சு பார்த்தா பாதி டிரஸ்ஸைத் தொடவே இல்ல. அதை என்ன பண்றது?

நோட்டை எடுத்து ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள். அளவு பிடிக்கவில்லை என்றால் பிரித்துப் பிடிக்கலாம். சேர்க்க எதுவும் இல்லை என்றால், நிறங்களைப் பற்றிய பதிலில் சொன்ன ஒற்றை நிறக் கால்சட்டை அதைத் தீர்த்துவிடும். போகும் இடம் இல்லை என்பதுதான் கடினமான காரணம். அடுக்கடுக்காகச் சுருக்கம் வைத்த பட்டுப் பாவாடையை அணிந்துகொண்டு மின்சார ரயிலில் ஏற முடியாது. அதை அளவு பொருந்தும் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுங்கள், அல்லது பிரித்துத் துணியாக்கிவிடுங்கள். அடுத்த மூன்று மாதத் தையலை இந்தக் குறிப்பிலிருந்தே முடிவு செய்யுங்கள். ஆடித் தள்ளுபடிக்குப் போகும்போதும் அந்த நோட்டு கையில் இருக்கட்டும்.

ஸ்டேட்டஸ் பார்த்துட்டு "எனக்கும் இதே மாதிரி தைச்சுக் குடு"ன்னு கேட்கிறாங்க. வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் மாதம் முடிந்த பிறகு. நடுவில் ஒப்புக்கொண்டால் உங்கள் உடையைக் கவனிக்கும் நேரம் அவர்கள் உடைக்குப் போய்விடும். தெரிந்தவர்தானே என்று துணி விலையை மட்டும் வாங்கிக்கொண்டு தைத்துக் கொடுப்பதை நான் ஆதரிப்பதில்லை. ஓர் உடையைத் தைக்க வெட்டுவது முதல் ஹெம்மிங் முடிப்பதுவரை எத்தனை மணி நேரம் ஆகிறது என்று உங்கள் உடையிலேயே அளந்துவைத்து, அந்த நேரத்துக்கும் நூல், லைனிங், கொக்கிக்கும் சேர்த்து விலை சொல்லுங்கள். உங்கள் அளவில் எடுப்பாக இருந்த அச்சு அவர்கள் அளவில் வேறுவிதமாக விழும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். துணியை அவர்களையே எடுத்துவரச் சொல்லி, நேரில் அளவெடுத்து, பாதித் தொகையை முன்பணமாக வாங்கி, துணியை நனைத்த பிறகு வெட்டுங்கள்.